கப்பலில் வராத எண்ணெய்

என் முகத்தில் கடுகைப் போட்டால் வெடிக்கும் என்று கேன்டீனில் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு எதிரே சொல்ல மாட்டார்கள், அந்த அளவுக்குப் புத்திசாலிகள். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றின் கேன்டீனில் பதினோரு வருஷம் தலைமைச் சமையல் பார்த்தேன். ஒரு ஷிஃப்டுக்கு இருநூறு பேர். இருநூறு பேருக்குப் பொங்கிப் போடுகிறவள் சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் அந்த அடுப்புக்கு முன்னால் வந்து நின்று பார்க்கட்டும்.

அதற்கு முன்பு நான் பொன்னேரிப் பக்கம் நடவு நட்டவள். என் அம்மா நட்டாள், அவள் அக்கா தங்கைகள் நட்டார்கள், ஒருத்தருக்கும் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. லாரியில் மூட்டை ஏற்றும்போது என் வீட்டுக்காரருக்கு முதுகு பிடித்துக்கொண்டு, இனி கனமான வேலை ஆகாது என்று டாக்டர் சொன்ன வருஷம்தான் இந்தக் கேன்டீன் வேலை கிடைத்தது. முதல் நாள் ஏப்ரன் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றபோதே முடிவு செய்துவிட்டேன், இனி இன்னொருத்தர் வயலில் குனிவதில்லை என்று. பெண் அப்போது ஆறாம் வகுப்பு. கேன்டீன் வேலை போனால் மறுபடி வயல்தான், நான் வயலில் இறங்கினால் பின்னாலேயே அவளும் வருவாள். அது எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

மாதம் பிறந்தால் காண்டிராக்டருக்குச் சாமான் பட்டியல் எழுதிக் கொடுப்பேன். அரிசி முதல் வரி, கடுகு கடைசி வரி. மாதத்துக்கு இரண்டு கிலோ. எண்ணெய் காய்ந்ததும் போட வேண்டும், வெடித்ததும் அதன் வேலை முடிந்தது. மிச்சம் மீதி இருந்தால் உப்பு மிளகாயோடு சேர்த்துத் திருஷ்டி சுற்றிப் போட ஒரு கை. எங்கள் பக்கத்தில் கடுகுக்கு அதற்கு மேல் மரியாதை இல்லை. கடுகெண்ணெய் என்று ஒன்று உண்டு என்று தெரியும். நாட்டு மருந்துக் கடையில் சின்ன பாட்டிலில் கிடைக்கும், மூட்டு வலிக்குத் தேய்ப்பார்கள். அதைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிடுவார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால், மண்ணெண்ணெயையும் ஊற்றிக்கொள் என்று சொல்லியிருப்பேன்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருஷத்தில் வடக்கிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பீகார், ஒரிசா, வங்காளம். முதலில் பத்துப் பேர், பிறகு முப்பது பேர், பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாதி ஷிஃப்ட் அவர்கள்தான். ஃபர்னஸ் வாயில் நிற்கிற வேலையை நம் ஆட்கள் மெல்ல மெல்ல விட்டுவிட்டார்கள், அந்தச் சூட்டுக்கு இவர்கள் வந்து நின்றார்கள். வந்தவர்கள் என் சாம்பாரைச் சாப்பிடவில்லை. கத்தரிக்காய்க் கூட்டை ஓரமாகத் தள்ளினார்கள். வெறும் சோற்றில் மோரை ஊற்றி, பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு எழுந்து போவார்கள். தட்டுகள் பாதிக்குப் பாதி நிறைந்து திரும்பி வந்தன. எனக்கு அது நேராக என்னைத் திட்டுவது போல இருந்தது. என் சாம்பாருக்காகப் பக்கத்து ஆலைக்காரன் வேலி தாண்டி வருவான், இவர்களுக்கு என்ன கேடு என்று நாளெல்லாம் பொருமிக்கொண்டிருந்தேன்.

அப்படி ஒரு நாள் மத்தியானம். ஃபர்னஸில் வேலை செய்யும் பீகார்க்காரர் ஒருவர், நாற்பத்தைந்து வயதிருக்கும், முன்கை முழுக்கத் தீப்பொறி பட்ட தழும்பு, தட்டோடு பரிமாறும் இடத்துக்கு வந்து நின்றார். தட்டில் உருளைக்கிழங்குப் பொரியல். அதைக் காட்டி, "தீதி, தேல். சர்சோ தேல்," என்றார். தீதி என்றால் அக்கா, அது வரைக்கும் எனக்குத் தெரியும். மற்றது புரியாமல் எனக்கு எரிச்சல். "இன்னா?" என்றேன். அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, சொட்டுச் சொட்டாக எதையோ விடுவது போலப் பொரியலுக்கு மேல் ஆட்டினார். "தேல், தேல்."

எங்கள் பக்கத்தில் ல, ள இரண்டையும் யார் பிரித்துப் பேசுகிறோம்? அவர் விரலை ஆட்டியது கொடுக்கை ஆட்டுவது போலவே இருந்தது. காய் நறுக்குகிற பெண் பக்கத்தில் நின்றிருந்தாள். "யக்கா, பொரியல்ல தேளாம்க்கா. சரசரன்னு தேளு ஓடுச்சாம்," என்றாள்.

என் அம்மாவைக் களத்தில் தேள் கொட்டி மூன்று நாள் துடித்ததைப் பார்த்தவள் நான். அதற்கு மேல் யோசிக்கவில்லை. அவர் கையிலிருந்த தட்டைத் தட்டிவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை எல்லாம் எழுப்பினேன். நானும் அந்தப் பெண்ணும் பொரியல் அண்டாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு போய்ச் சாக்கடையில் கவிழ்த்தோம். இருநூறு பேருக்கான உருளைக்கிழங்கு. பிறகு கரண்டியால் கிளறிக் கிளறித் தேடினேன். தேள் இல்லை. கால் கூட இல்லை. அந்த மனிதர் வெறும் கையோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அரை மணி நேரத்தில் காண்டிராக்டர் வந்துவிட்டார். மூன்று ஆலைகளில் கேன்டீன் எடுத்து நடத்துகிறவர், கெட்டவர் இல்லை, ஆனால் பொருள் வீணானால் ரத்தக் கொதிப்பு ஏறிவிடும்.

"தேளு எங்கம்மா? காட்டு."

"ஓடிப் போச்சு சார்."

"அண்டாவோட கொட்டிட்டு ஓடிப் போச்சுன்றியே. பாத்தது யாரு?"

நான் அந்தப் பீகார்க்காரரைக் காட்டினேன். காண்டிராக்டருக்கு இந்தி வராது. அவர் ஒரு விரலைக் கொக்கி போல வளைத்து, கொட்டுவது போலக் காட்டி, "தேள் பாத்தியா? தேள்?" என்று கேட்டார். அந்த மனிதர் வளைந்த விரலைப் பார்த்தார். சாக்கடையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்கு என்னவோ புரிந்துவிட்டது முகத்தில் தெரிந்தது. தலையை ஆட்டிக்கொண்டு, "தேல்," என்றார். "தேல், தேல்."

காண்டிராக்டர் அடங்கினார். ஆனால் போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "தேள உடு. தட்டு தட்டா சோறு திரும்பி வருது, கம்பெனில பேஜார் பண்றாங்கோ. ஒரு மாசம் பாக்கறேன். அப்பாலயும் இப்டியே இருந்துச்சுன்னா வடக்கத்தி ஆளு ஒருத்தன சமையலுக்கு வெச்சிடுவேன். தப்பா எடுத்துக்காத."

எடுத்துக்கொள்ளாமல் என்ன? பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது வழியெல்லாம் வயலைத்தான் பார்த்தேன். நாற்று நட்டு ஒரு வாரம் ஆகியிருக்கும், பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் புதுவாயல் கூட்டுரோட்டில் பாய் கடையில் இறங்கினேன். பழவேற்காட்டுப் பக்கத்துக் குடும்பம், மூன்று தலைமுறையாக வியாபாரம். கல்கத்தா ரோட்டில் போகிற லாரிக்காரர்களோடு பேசிப் பேசி எல்லா மொழியும் கொஞ்சம் கொஞ்சம் வரும். நடந்ததைச் சொன்னேன். அவர் தராசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"யம்மா, தேல்னா எண்ணெம்மா. சர்சோன்னா கடுகு. கெழங்கு மேல ரெண்டு சொட்டு கடுகெண்ண ஊத்துன்னு கேட்டுகீறான் மனுசன். நீ அண்டாவையே கவுத்துட்டு வந்து நிக்கிற."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காண்டிராக்டர் விரலை வளைத்துக் காட்டியபோதே அந்த மனிதருக்கு என் தப்பு புரிந்துவிட்டது. இல்லை என்று தலையை ஆட்டியிருந்தால் அன்றைக்கே என் கதை முடிந்திருக்கும். அவர் அதே வார்த்தையைத் திரும்பச் சொன்னார். அவர் மொழியில் அது பொய்யில்லை, என் மொழியில் அது என் வேலை. கடை வாசலில் நின்றுகொண்டே அழுதேன். பாய் சிரிப்பை நிறுத்திக்கொண்டு ஒரு சோடாவை உடைத்துக் கொடுத்தார்.

கடுகெண்ணெய் அவரிடமே இருந்தது. விளக்கெண்ணெய்க்குப் பக்கத்தில் ஒரு பாட்டில், அதில் 'வெளி உபயோகத்திற்கு மட்டும்' என்று எழுதியிருந்தது. அது வேண்டாம் என்று சொல்லி, லாரிக்காரர்களுக்காக உள்ளே வைத்திருந்த இன்னொரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். "பாமாயில் கப்பல்ல வருது, சூரியகாந்தி கப்பல்ல வருது. இது மட்டும் கப்பல்ல வர்றதில்ல. ராஜஸ்தான் பக்கம் வெளஞ்சு லாரில வருது. சாப்பிடற எண்ணதான், பயப்படாத எடுத்துக்கினு போ," என்றார்.

எடுத்துக்கொண்டு போனேன். நல்லெண்ணெய் போலத்தானே என்று வாணலியில் ஊற்றி, இளஞ்சூட்டிலேயே வெங்காயத்தைப் போட்டேன். அடுத்த நிமிஷம் சமையல்கட்டில் ஒருத்தராலும் மூச்சுவிட முடியவில்லை. கண் எரிகிறது, தொண்டை கரகரக்கிறது, காய் நறுக்குகிற பெண் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வெளியே ஓடினாள். அந்த வாசனை ஃபர்னஸ் வரைக்கும் போயிருக்க வேண்டும். அந்த மனிதர் ஓய்வு நேரத்தில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வாசலில் வந்து நின்றார். உள்ளே வரலாமா என்று கையால் கேட்டார். வரச் சொன்னேன்.

வாணலியை இறக்கிவைத்து, வேறு ஒன்றில் புதிதாக எண்ணெய் ஊற்றினார். நான் வெங்காயத்தை எடுத்தபோது கையைக் காட்டித் தடுத்தார். எண்ணெய் புகையட்டும் என்று சைகையில் சொன்னார். புகைந்து, நிறம் வெளுத்து, கார நெடி அடங்கிய பிறகுதான் வெங்காயம். அது வறுவலுக்கு. இன்னொன்றுக்கு அடுப்பே வேண்டாம் என்றார். வேகவைத்த உருளைக்கிழங்கைக் கையால் மசித்து, நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு போட்டு, மேலே பச்சையாகவே அந்த எண்ணெயை ஊற்றிப் பிசைந்து ஒரு உருண்டை என்னிடம் நீட்டினார்.

"சோக்கா," என்றார்.

"சோக்கா கீதா இல்லியான்னு நான் சொல்றேன், மொதல்ல குடு," என்று வாங்கி வாயில் போட்டேன். மூக்குக்கு ஏறியது. ஏறி இறங்கியதும் இன்னொரு உருண்டை கேட்டேன். "சோக்காத்தான் கீது," என்றேன். அவர் சந்தோஷமாகத் தலையை ஆட்டி, "ஹாங், சோக்கா," என்றார். நாங்கள் அருமையாக இருப்பதைச் சோக்கா என்போம், அவர்கள் அந்தப் பதார்த்தத்துக்கே பெயர் சோக்கா என்பார்கள். அது எனக்குப் புரிய நாலைந்து நாள் ஆனது. அதுவரைக்கும், தான் செய்ததைத் தானே இப்படிப் புகழ்ந்துகொள்கிறாரே இந்த மனிதர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மாதம் முழுக்க ஓய்வு நேரத்தில் பத்து நிமிஷம் வந்து நின்றுவிட்டுப் போவார். பேச மொழி இல்லை. ஒரு நாள் மஞ்சள் தூள் டப்பாவைக் காட்டி, இரண்டு கையையும் அகல விரித்து, கண்ணுக்கு எட்டும் வரை இந்த நிறம் என்றார். கடுகு வயலைச் சொல்கிறார் என்று புரிந்தது. உன்னுடையதா என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டிக் கேட்டேன். இல்லை என்றார். குனிந்து அரிவாள் பிடித்து அறுப்பது போலக் காட்டி, வேறு யாரோ ஒருவரைக் காட்டுவது போலத் தூரத்தில் கையை நீட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் குனிந்து நாற்று நட்டுக் காட்டினேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தேன். தலையைப் பலமாக ஆட்டி, இனிமேல் முடியாது, மாட்டேன் என்றேன். அவர் சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

தட்டுகள் காலியாகத் திரும்பி வர ஆரம்பித்தன. செவ்வாய், வியாழன் சோக்கா. ஒரிசாக்காரர்கள் மீனுக்குக் கடுகு அரைத்துப் போடச் சொன்னார்கள். இட்லி மாவு போல நைசாக, வெகு நேரம் ஆட்டினேன், வேப்பங்காயாகக் கசந்தது. அந்தக் கசப்பையும் மூன்றாம் தடவையில் சரி செய்தேன். கூத்து என்னவென்றால் நம் ஆட்களும் கேட்க ஆரம்பித்தார்கள். பொன்னேரியிலிருந்து வருகிற எலக்ட்ரீஷியன் ஒருத்தர், சோக்கா இல்லாத நாளில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். மாதம் முடிந்ததும் காண்டிராக்டர் வந்தார். "சரி, நீயே பாரு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். என் கைப்பக்குவத்துக்குக் கிடைத்த வெற்றி என்று வீட்டில் ஒரு வாரம் பெருமை அடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் காது புளித்துப் போயிருப்பார்.

நாட்டில் எந்தப் பண்டத்தை எவ்வளவு பேர் சாப்பிடுகிறார்கள், வருஷத்துக்கு வருஷம் கூடுகிறதா குறைகிறதா என்று அரசாங்கம் பெரிய பெரிய புத்தகமாகப் போடுகிறதாம், என் பெண் சொல்லித்தான் தெரியும். என்னைக் கேட்டிருந்தால் என் சாமான் பட்டியலையே கொடுத்திருப்பேன். கடைசி வரியில் இருந்த இரண்டு கிலோ கடுகு ஆறு கிலோ ஆனது. அதற்குக் கீழே கடுகெண்ணெய் என்று ஒரு புது வரி வந்தது. முதலில் ஒரு பாட்டில், பிறகு ஒரு டின், பிறகு நாலு டின். பாய் கடையில் விளக்கெண்ணெய்க்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்ற பாட்டில் முன்வரிசைக்கு வந்துவிட்டது. ஒரு வருஷம் மட்டும் கொஞ்ச நாள் டின் வரவில்லை. ராஜஸ்தானில் வெள்ளாமை சரியில்லை என்றார் பாய். மூன்று வாரம் பாமாயிலில் சோக்கா பிசைந்தேன். யாரும் குறை சொல்லவில்லை, ஆனால் சாப்பாட்டு நேரத்தில் சத்தமே இல்லை. எங்கோ மழை பொய்த்ததற்குக் கும்மிடிப்பூண்டியில் இருநூறு பேர் வாய் மூடிச் சாப்பிட்டதை நான் பார்த்தேன்.

இரண்டு வருஷம் கழித்து அந்த மனிதர் கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். போன அடுத்த வாரம் காண்டிராக்டர் சாமான் பட்டியல் வாங்க வந்தார். சோக்காவைத் தட்டில் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே, ஏதோ மழை வரும் போலிருக்கிறது என்பது மாதிரி சொன்னார்:

"அந்த பீகாரிக்காரன் போய்ட்டானாமே. நல்ல ஆளு. ஒன் எடத்துக்கு அவனத்தான் கேட்டேன், தெரியுமா?"

எனக்குப் புரியவில்லை.

"அதான்மா, ஒரு மாசம் டைம் குடுத்தனே, அப்ப. இவன் பெசஞ்சத ஒரு தபா துன்னு பாத்தேன். வேற ஆள எதுக்குத் தேடணும், இவனே இருக்கட்டும்னு சூப்பர்வைசர வெச்சு கேக்கச் சொன்னேன். ஃபர்னஸ் வேணாம், சமையலுக்கு வா, சம்பளமும் ஏத்தித் தரேன்னேன். மாட்டேன்னுட்டான். இன்னாடான்னா, 'தீதி இருக்குது'ன்றான். அவ்ளோதான் சொன்னான். அப்பாலதான் நீயே பாருன்னு உட்டுட்டேன்."

அவர் தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தேன். நான் குனிந்து நாற்று நட்டுக் காட்டி, மாட்டேன் என்று தலையை ஆட்டியபோது அவர் ஏன் சிரிக்கவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. அந்த இரண்டு வருஷமும் அவர் ஃபர்னஸ் வாயில் நின்றார். கைத்தழும்புகள் கூடிக்கொண்டே போனதை நான் பரிமாறும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். நிழலில், என் அடுப்புக்கு முன்னால், கூடுதல் சம்பளத்தில் நின்றிருக்கலாம். கேன்டீனுக்கு வந்த பிறகு நான் இன்றுவரை இன்னொருத்தர் வயலில் கால் வைக்கவில்லை. என் பெண் டிப்ளமா முடித்து ஏசி அறையில் வேலை பார்க்கிறாள். இதெல்லாம் என் சாமர்த்தியம் என்று இரண்டு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, ஒரு மனிதர் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது. கடவுளுக்கு நன்றி சொல்லும்போது அவர் முகத்தை நினைத்துத்தான் சொல்கிறேன்.

அவர் ஊருக்குப் போன நாளை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை. அன்றைக்கு மத்தியானம் துணிப்பையோடு சாப்பிட வந்தார். கணக்கு முடித்தபோது சாப்பாட்டு டோக்கனை ஆபீசில் திருப்பிக் கொடுத்துவிட்டார் போல. நான் வழக்கம் போலக் கையை நீட்டி, "டோக்கன்?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார். டோக்கன் இல்லாதவர்கள் ஷிஃப்ட் முடிந்த பிறகுதான் சாப்பிட வேண்டும் என்பது என் சட்டம், காண்டிராக்டர் சட்டம் கூட இல்லை. ஓரமாக உட்காரச் சொன்னேன். கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் பையின் மேல் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கடைசி ஆள் எழுந்த பிறகு கூப்பிட்டேன். அதற்குள் சோக்கா தீர்ந்துவிட்டது. சோறும் ரசமும்தான் இருந்தது. அவர் அதைச் சாப்பிட்டார், தட்டைத் தானே கழுவி அடுக்கில் வைத்தார், ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கையைக் காட்டிவிட்டுப் போனார்.